கோகிலை என்னும் பெயர்

மக்கட்குப் பெயரிடுதல், பெற்றோர் தம் செவிக்கு இனிதாய ஓர் ஒலியைத் தேர்ந்து சூட்டும் எளிய செயலன்று. வைதிக சைவர் கொண்டொழுகும் சடங்குகளுள் நாமகரணமும் ஒன்றாக வைத்து எண்ணப்படுகின்றது. பிறந்த குழவிக்கு இறைவன் பெயரையோ இறைவி பெயரையோ அடியார் பெயரையோ இடுவது நம் முன்னோர் வழக்கம். நாள்தோறும் பன்முறை அக்குழவியை அழைக்குந்தோறும் அத்திருப்பெயர் நாவிற் பயிலும் என்பதும், அப்பெயரின் பொருள் அக்குழவியின் வாழ்க்கைக்கு வழிகாட்டியாக நிற்கும் என்பதும் அவ்வழக்கத்தின் கருத்தாம். முதற்பயன் பெயரைச் சொல்லும் அளவிலேயே கிடைக்கும். இரண்டாவது பயனோ பெயரின் பொருளை அறிந்தார்க்கே உரியது. இக்காலத்தே நழுவிவருவது இவ்விரண்டாவது பயனே.

புதுச்சேரியைச் சூழ்ந்த நாட்டுப்புறங்களில், சிறப்பாக வில்லியனூரிலும் அதனையடுத்த சிற்றூர்களிலும், கோகிலாம்பாள், கோகிலவாணி, கோகிலா என்னும் பெயர்கள் பெண்மக்கட்குத் தலைமுறை தலைமுறையாக இடப்பட்டு வருகின்றன. இப்பெயர் பற்றி இருவேறு கருத்துக்கள் எழுவதுண்டு. வடமொழிப் பெயராதலின் தமிழ்மக்கட்கு இஃது அயலானது என்பர் ஒரு சாரார். ஒரு பறவையின் பெயரேயன்றி இதன்கண் வேறு சிறப்பில்லை என்பர் மற்றொரு சாரார். இப்பெயரைத் தாங்குவோர்க்கும் இவ்விரண்டிற்கும் விடைகூறத் தெரிவதில்லை. ஆகலின் இதன் வரலாற்றைச் சொல்வழியாகவும் கோயில்வழியாகவும் சாத்திரவழியாகவும் நோக்குதல் பயனுடைத்து.

ஊரும் திருக்கோயிலும்

புதுச்சேரி நகருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், சங்கராபரணி யாற்றின் பாங்கர் அமைந்தது வில்லியனூர். வில்வநல்லூர் என்னும் பெயரே வில்லியநல்லூர் என்றும் வில்லியனூர் என்றும் மருவிற்று என்பர். வில்லை என்பது செய்யுளிற் பயிலும் அதன் குறுக்கம். இத்தலத்தின் மரமும் வில்வமே. வில்வவனத்தில் எழுந்தருளிய பெருமான் திருக்காமீசர் எனவும், உடனுறையும் அம்மை கோகிலாம்பிகை எனவும் திருப்பெயர் கொண்டுள்ளனர். குயிலம்மை என்பதும் அவ்வம்மையின் திருப்பெயரேயாம். தருமபாலன் என்னும் சோழ மன்னன் இங்கு வழிபட்டு நோய் நீங்கித் திருப்பணி செய்தனன் என்று தலவரலாறு கூறும். இத்தலத்தின் மீதெழுந்த வில்லைப் புராணத்தை மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1940-ஆம் ஆண்டிற் பதிப்பித்து வெளிப்படுத்தினார்கள்.

வைகாசித் திங்களில் நிகழும் பெருவிழாவின் தேர் நாடறிந்தது. பிரஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வந்து வடம்பிடிக்கும் வழக்கம் இங்கு நிலவிற்று. அவ்வாட்சி நீங்கிய பின்னரும் துணைநிலை ஆளுநர் வந்து வடம்பிடித்தலால் அவ்வழக்கம் தொடர்கின்றது. வேற்றுச் சமயத்தினரான ஆட்சியாளரும் தம் கைப்பட இழுத்த தேர் என்பது அவ்வூரார் பெருமிதத்துடன் கூறும் செய்தி.

பெயர் வரலாற்றிற்கு இதனினும் வேண்டப்படும் செய்தி வேறொன்றுண்டு. கருவுற்ற மகளிர் இக்கோயிலை யடைந்து, பிரசவ நந்தி என வழங்கும் நந்தியெம்பெருமானை வழிபட்டு, தீங்கின்றி மகப்பெற வேண்டிக்கொள்வர். வேண்டியாங்குப் பெற்ற மகவு பெண்ணாயின் அம்மையின் திருப்பெயரை இடுதல் இயல்பேயன்றோ? கோகிலம் என்னும் சொல்லை வடமொழி நூல்களிற் கற்று அதன் இனிமையில் ஈடுபட்டு அப்பெயரை இட்டவர் அல்லர் அவ்வுழவர் குடிமக்கள். அம்மையின் திருமுன்னர் நின்று, அவளருளாற் பெற்ற மகவென்று கருதி, அவள் பெயரையே இட்டனர். இப்பெயர் இந்நாட்டிற் பரவியது ஏட்டின் வழியன்று, கோயிலின் வழியேயாம்.

சொல்லாராய்ச்சி

இனி, கோகிலம் என்னும் சொல்லை நோக்குவாம். குயிலுக்குரிய வடசொற்களாக அமரகோசம் கூறுவன வனப்பிரியம், பரபிருதம், கோகிலம், பிகம் என்னும் நான்கு. வனப்பிரியம் என்பது காட்டை விரும்புவது எனவும், பரபிருதம் என்பது பிறரால் வளர்க்கப்பட்டது எனவும் பொருள்படும். காக்கையின் கூட்டில் முட்டையிட, அக்காக்கையால் வளர்க்கப்படும் இயல்பு பற்றி வந்தது இப்பெயர். கோகிலம் என்பதோ அப்பறவையின் கூவுதலைப் பின்பற்றியமைந்த ஒலிக்குறிப்புச் சொல். கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளிலும் இவ்வினப் பறவைகட்கு இதனையொத்த ஒலியுடைய பெயர்களே வழங்குதல் காணலாம்.

பிகம் என்னும் சொல்லைப் பற்றி மீமாஞ்சை நூலுள் ஒரு வியத்தகு செய்தியுண்டு. சைமினி முனிவரின் சூத்திரங்கட்குப் பாடியம் வகுத்த சபரசுவாமி, பிகம், நேமம், தாமரசம் முதலிய சில சொற்களை எடுத்துக்கொண்டு, இவை ஆரியரிடை வழங்காது பிற மக்களிடை வழங்குவன என்றும், அவற்றின் பொருளை வழங்கும் மக்களிடமிருந்தே கொள்ளல் வேண்டும் என்றும் முடிவுகட்டினார். குயிலின் பெயர்களுள் ஒன்று வேற்று மக்களிடமிருந்து பெற்றது என்பதை வடநூலாசிரியரே ஒப்பினர் என்பது இதனாற் பெறப்படும். தாமரசம் என்பது தாமரையைக் குறிப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. ஆகவே சொற்கள் ஒருமொழியினின்று மற்றொன்றிற்குச் சென்று வருதல் பண்டே உள்ளது. கொடுத்தலும் கொள்ளலும் இருபாலும் நிகழ்ந்தன.

தமிழில் குயில் என்பது தொன்றுதொட்டு வழங்கும் சொல். குயிலுதல் என்பது கூவுதல், ஒலித்தல் எனப் பொருள்படும் வினை. இசைக்கருவி வாசிப்போரைக் குயிலுவர் எனச் சிலப்பதிகாரம் வழங்கும். எனவே குயில் என்பது தன் வினையடியோடு தமிழில் வேரூன்றி நிற்பது. கோகிலம் என்பது பாகதத்தில் திரிந்து, இந்தி முதலிய வடபுல மொழிகளிற் கோயல் என வழங்குகின்றது. ஆங்கிலேயர் இப்பறவைக்கு வழங்கும் பெயரும் அதிலிருந்து கொண்டதே. ஒரே பறவையின் குரலை இருமொழியாரும் தத்தம் செவிக்கேற்பப் பெயராக்கினர் எனக் கொள்வதே சாலும்.

செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்த தொல்காப்பியனார் வடசொல்லை விலக்கினாரல்லர்; தமிழெழுத்திற்கு இயைய வருதல் வேண்டும் என வரையறுத்தார். கோகிலம் என்பதன்கண் உள்ள எழுத்துக்கள் யாவும் இருமொழிக்கும் பொதுவானவை. ஆகலின் கமலம், காரணம் என்பன போல இதுவும் தற்சமமாம். வடமொழியில் ஆகார ஈறாய் நிற்கும் பெண்பாற் பெயர்கள் தமிழில் ஐகார ஈறாதல் நன்னூற் பதவியலிற் பெறப்படும் விதி. சீதா என்பது சீதை எனவும், மாலா என்பது மாலை எனவும் வருதல் போலக் கோகிலா என்பது கோகிலை என வருதலே மரபு. கோகிலாம்பிகை என்பது கோகிலம், அம்பிகை என்னும் இரு சொற்கள் தீர்க்கசந்தியாற் புணர்ந்தது. பின்னாளில் அம்பிகை, அம்பாள் என்னும் ஈறுகள் நீங்க, எஞ்சிய கோகிலா என்பதே தனிப்பெயராய் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குப் பின்னர் அம்மாள், அம்பாள் என முடியும் பெயர்கள் அருகிக் குறும்பெயர்கள் பெருகியமை யாவரும் அறிந்ததே. 1981-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றும் மீண்டும் கோகிலா எனப் பெயர் பெறும் அளவிற்கு அக்குறும்பெயர் பழகிய பெயராயிற்று. இக்குறுக்கத்தில் ஓர் இழப்பு உண்டு. அம்பிகை என்னும் சொல் மறையவே, இஃது இறைவியின் பெயர் என்னும் நினைவும் உடன் மறைந்தது. பறவையின் பெயரே இஃது என்பாரது கூற்றிற்கு இடந்தந்தது இக்குறுக்கமேயாம்.

இருமொழியில் அம்மையின் பெயர்கள்

தேவாரத் திருப்பதிகங்களுள் உமையம்மை பெரும்பாலும் கண், குழல், மொழி, இடை முதலியவற்றின் அழகைப் புலப்படுத்தும் தொடர்களாற் குறிக்கப்பெறுகின்றாள். முற்காலச் சோழர் திருக்கோயில்களில் அம்மைக்குத் தனிக்கோயில் எடுத்தல் பெருவழக்கன்று. முதல் இராசேந்திர சோழன் (1012–1044) காலந்தொட்டுத் தனிக்கோயில்கள் எழுந்து பெருகின. அவற்றைத் திருக்காமக்கோட்டம் எனக் கல்வெட்டுக்கள் வழங்கும். அம்மைக்குத் தனிக்கோயிலும் தனி வழிபாடும் ஏற்பட்ட பின்னர் ஒவ்வொரு தலத்தும் ஒரு தனித்திருப்பெயர் நிலைபெறலாயிற்று. அத்தமிழ்த் தொடர்களுள் பல பெயர்களாயின. அவற்றிற்கு நேரான வடமொழிப் பெயர்களும் உடன் வழங்கலாயின.

நாகைக்காரோணத்துக் கருந்தடங்கண்ணி நீலாயதாட்சி எனப்பட்டாள். திருவையாற்று அறம்வளர்த்த நாயகி தர்மசம்வர்த்தனி எனப்பட்டாள். சிராப்பள்ளி மட்டுவார்குழலி சுகந்தகுந்தளாம்பிகை எனவும், அண்ணாமலை உண்ணாமுலையம்மை அபீதகுசாம்பாள் எனவும், ஆலவாய் அங்கயற்கண்ணி மீனாட்சி எனவும் வழங்கப்பெற்றனர். திருமறைக்காட்டு யாழைப்பழித்த மொழியம்மைக்கு வீணாவாதவிதூஷணி என்பது வடமொழிப் பெயர். இவற்றுட் சிலவிடத்து இரு பெயர்களும் இன்றளவும் சேரவே வழங்குகின்றன. சிலவிடத்து வடமொழிப் பெயரே மேலோங்கி நிற்ப, தமிழ்ப்பெயர் அருச்சனையிலும் ஏட்டிலும் ஒடுங்கிற்று.

வில்லியனூரில் நிகழ்ந்தது இரண்டாவது வகையது. கோகிலாம்பிகை என்னும் பெயர் விளங்க, குயிலம்மை என்னும் பெயர் மங்கிற்று. ஆனால் அதே நாட்டில் தமிழ்ப்பெயர் மங்காது நிற்கும் தலம் ஒன்று உண்டு. புதுச்சேரிக்கு வடமேற்கே, வானூர் வட்டத்தில், திருஞானசம்பந்தப் பெருமானாரது இரண்டாந் திருமுறைப் பதிகம் பெற்ற இரும்பை மாகாளம் உள்ளது. அங்கெழுந்தருளிய அம்மையின் திருப்பெயர் குயில்மொழியம்மை. வில்லியனூர்ப் பக்கத்தில் வழங்கும் கோகிலவாணி என்னும் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் குயில்மொழி என்பதே வரும். வாணி என்பது மொழி. கோகிலம் என்பது குயில். ஆகவே ஒரு சிறு நாட்டின் வடபால் ஓர் அம்மை குயில்மொழியெனவும், மேற்பால் ஓர் அம்மை கோகிலை யெனவும் வீற்றிருக்கின்றனர். முதல் திருமுறையிற் பாடல்பெற்ற வடுகூராகிய திருவாண்டார் கோயிலிலும் அம்மையின் பெயர் வடுவகிர்க்கண்ணி எனத் தூய தமிழிலேயே உள்ளது. எனவே இந்நாட்டில் தமிழ்ப்பெயர் வழங்காமையாற் கோகிலை என்பது புகுந்தது எனல் பொருந்தாது. இரண்டும் அருகருகே வாழ்ந்தன என்பதே உண்மை.

பாகூர்ச் செப்பேடு

இவ்வாறு இருமொழியும் ஒருங்கு வாழ்ந்தமைக்கு அந்நாட்டின் தென்பகுதியாகிய பாகூர் வலிய சான்று தருகின்றது. பழம்பெயர் வாகூர். அங்குள்ள மூலநாதர் கோயிலில் அம்மை வேதாம்பிகை எனப் பெயர் கொண்டு விளங்குகின்றாள். 1879-ஆம் ஆண்டில் அவ்வூரிற் கிடைத்த செப்பேடுகள் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனது 8-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தவை. ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த அவ்வேடுகள், வாகூரிலிருந்த வித்தியாத்தானமாகிய கல்லூரிக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்னும் மூன்றூர்கள் அளிக்கப்பட்டமையைக் கூறுகின்றன.

அவ்வேடுகளில் ஒரு பகுதி வடமொழிச் செய்யுளாகவும் மற்றொரு பகுதி தமிழ் உரைநடையாகவும் அமைந்துள்ளது. அரசன் பெயர் நிருபதுங்கன் என வடமொழியில் உள்ளது. அவனை வேண்டி அக்கொடையை நிகழ்வித்த தலைவனோ நிலைதாங்கி என்னும் தமிழ்ப்பெயருடையவன். அத்தமிழ்ப்பெயர் வடமொழிச் செய்யுளுள் மாற்றப்படாது அவ்வாறே அமைந்துள்ளது. தமிழ்ப்பகுதியிலோ வித்தியாத்தானம் என்னும் வடசொல் தமிழ் எழுத்திற்கு இயைந்து நிற்கின்றது. கல்வியிற் சிறந்தோர் கூடியிருந்த ஊரில், ஆயிரத்து நூறு யாண்டுகட்கு முன்னர், ஒருமொழிப் பெயர் மற்றொரு மொழியினுட் புகுதலை எவரும் இழுக்கெனக் கருதிற்றிலர் என்பது இதனால் விளங்கும். பாகூர்ப் புலவர் சு. குப்புசாமியவர்கள் அரிதின் முயன்று தொகுத்த புதுச்சேரிக் கல்வெட்டுக்களும் இந்நாட்டில் வழங்கிய பெயர்களை ஆராய்வார்க்குப் பெருந்துணையாவன.

பிரஞ்சு ஆட்சியும் பெயர்ப் பதிவும்

பெயர்க்கு உண்மையில் ஊறு நேரக்கூடிய காலம் பிற்காலத்தே வந்தது. வில்லியனூரும் பாகூரும் பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற் பிரஞ்சுக்காரர் கைப்பட்டன. 1880-ஆம் ஆண்டில் கொம்யூன் என்னும் ஊராட்சிப் பிரிவுகள் ஏற்பட்டபோது அவ்விரண்டும் தனித்தனிக் கொம்யூன்களாயின. பிறப்பும் மணமும் இறப்பும் ஆட்சியாளர் ஏட்டிற் பதியப்பட்டன. அதுகாறும் வீட்டிலும் கோயிலிலும் வாயால் வழங்கிய பெயர், வேற்றுமொழி யெழுத்தில் வேற்றுமொழி ஒலிமுறைப்படி எழுதப்படும் பெயராயிற்று.

1881-ஆம் ஆண்டு செத்தெம்பர் 21-ஆம் நாள் வெளிவந்த ஆணை, இந்தியர் தம் குலவழக்கச் சட்டத்தைத் துறந்து பிரஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க இடந்தந்தது. அவ்வாறு துறந்தோர் தலைமுறைதோறும் மாறாத குடிப்பெயர் ஒன்றை ஏற்றல் வேண்டும். வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, வாயில் எனப் பொருள்படும் லபோர்த் என்னும் பிரஞ்சுச் சொல்லைத் தம் குடிப்பெயராக ஏற்றனர். பலர் அவர்வழிச் சென்றனர். ஆயினும் இந்துக்களிற் பெரும்பாலோர் தம் பழைய வழக்கத்தைத் துறவாது நின்றனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பவைத்து நோக்குதல் வேண்டும். அயன்மொழிப் பெயர் என்னும் சொல் எதற்கு உண்மையிற் பொருந்தும்? ஆட்சியின் பயன் கருதி மேற்கொண்ட குடிப்பெயர்க்கு அஃது ஒருவாறு பொருந்தும். அம்மையின் திருமுன்னர் வேண்டிப் பெற்ற மகவிற்கு இட்ட பெயர்க்கு அது பொருந்துமாறு எங்ஙனம்? ஆட்சியாளர் ஏட்டில் எவ்வெழுத்தில் எழுதப்படினும், கோகிலை என்னும் பெயர் வில்லியனூரார் நாவில் அம்மையின் பெயராகவே நின்றது. 1954-ஆம் ஆண்டு அக்தோபர் 18-ஆம் நாள் வில்லியனூரையடுத்த கீழூரில் மக்கட்பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. நவம்பர் முதல்நாள் ஆட்சி கைமாறிற்று. 1962-ஆம் ஆண்டு ஆகத்து 16-ஆம் நாள் சட்டப்படி இணைப்பு முற்றுப்பெற்றது. இம்மாற்றங்கள் எவற்றாலும் இப்பெயர் அசைந்திலது. 2007-ஆம் ஆண்டில் புதுவை அரசு தன் ஆட்சிப்பகுதியின் அடையாளங்களாக வில்வத்தை மரமாகவும் குயிலைப் பறவையாகவும் மேற்கொண்டது. வில்வவனத்துக் குயிலம்மை வீற்றிருக்கும் நாட்டிற்கு இவ்விரண்டும் ஒருங்கே அடையாளமாய் வாய்த்தமை அடியார்க்கு மகிழ்ச்சி தருவதே.

பிற நாடுகளிற் கோகிலை

கோகிலை என்பது வில்லியனூர்க்கே உரிய பெயரன்று. கூர்ச்சர நாட்டிலும் மகளிர்க்கு இப்பெயர் பயில வழங்குகின்றது. அங்கும் மராட்டிய நாட்டிலும் ஆஷாட மாதத்துப் பூரணை பற்றிக் கோகிலா விரதம் என்பதொன்றை மகளிர் நோற்பர். தக்கன் வேள்வியில் உயிர்நீத்த சதிதேவி, பின்னர்க் குயில் வடிவு கொண்டிருந்து மீளவும் சிவபெருமானை அடைந்தனள் என்பது அவ்விரதத்தின் கதை. ஆகவே அம்மையைக் குயிலாகக் காணுதல் தென்னாட்டிற்கு மட்டும் உரியதன்று என அறிக.

இலங்கையிற் சிங்களவரிடையும் கோகில என்பது பெயராக வழங்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் அவர் மொழியிற் கோகில சந்தேசம் என்னும் குயில்விடு தூது எழுந்தது. அதே நூற்றாண்டில் உத்தண்ட சாத்திரியார் என்பவர் வடமொழியிற் கோகில சந்தேசம் இயற்றினார். அவர் காஞ்சிமாநகரின் பக்கத்தவர். சேரநாடு சென்று புகழ்பெற்றவர். முன்னதிற் குயில் யாழ்ப்பாணத்தை நோக்கிப் பறந்தது. பின்னதிற் காஞ்சியினின்று சேரநாட்டிற்குப் பறந்தது. புதுச்சேரியிலோ, 1908 முதல் 1918 வரை அங்கு வாழ்ந்த சுப்பிரமணிய பாரதியார் குயிலைத் தலைவியாக வைத்து ஒரு பெருங்கவிதை இயற்றினார். பாரதிதாசனார் தம் இதழிற்குக் குயில் எனப் பெயரிட்டார். குயிலின் குரல் பாவலர் உள்ளத்தை எந்நாட்டும் ஈர்த்தது என்பது இவற்றாற் போதரும். ஆனால் அடியார் உள்ளத்தை ஈர்த்ததன் காரணம் வேறு.

குயிலும் சாத்திரப் பொருளும்

மணிவாசகப் பெருமான் தில்லையில் அருளிச்செய்த குயிற்பத்திற்கு ஆத்தும இரக்கம் எனக் கருத்துரைத்தனர் முன்னோர். இறைவன்பாற் காதல்கொண்ட உயிர், அவனை வரக்கூவுமாறு குயிலை வேண்டுதலே அப்பத்துப் பாக்களின் பொருள். உயிர்க்கும் இறைவற்கும் இடைநின்று கூட்டுவிப்பது குயிலின் தொழிலாக அங்கே காணப்படுகின்றது. உயிர்க்கும் இறைவற்கும் இடைநின்று கூட்டுவிப்பது சித்தாந்த நூல்களின்படி யார் தொழில்? திருவருட் சத்தியின் தொழிலன்றோ? அம்மையைக் குயிலெனப் பெயரிட்டழைத்தல் எத்துணைப் பொருத்தமுடைத்து என்பது இதனாற் புலனாம்.

பரபிருதம் என்னும் பெயரையும் இவ்வழியே வைத்து நோக்கலாம். தாய்க்குயில் தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இடுகின்றது. குஞ்சு தன்னைக் காக்கையெனவே கருதி, காக்கையோடுண்டு, காக்கையோடு வளர்கின்றது. காலம் வந்து அது கூவுங்கால் அதன் இனம் வெளிப்படுகின்றது. சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம், உயிர் ஐம்பொறிகளாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்து கிடந்த நிலையையும், பின்னர்க் குருவால் உணர்த்தப்பெற்றுத் தலைவன் திருவடியைக் கூடுதலையும் மன்னவன் மகனது உவமையால் விளக்கும். காக்கைக் கூட்டிற் குயிற்குஞ்சும் அத்தகைய நிலையினதே.

அக்குஞ்சை அங்கு இட்டு மறைந்தவள் அதன் தாயே என்பதை நோக்குக. மலம் பரிபாகமுறுதற்பொருட்டு உயிரை உலகப் போகத்திற் செலுத்தி மறைந்து நிற்பவள் திரோதான சத்தி. பரிபாகம் வந்துழி, அவளே அருட்சத்தியாய்ப் பதிந்து உயிரைச் சிவத்தொடு கூட்டுகின்றாள். மறைத்தலும் அருளலும் ஒருத்தியின் செயலே. மறைத்தலும் கருணையின் வழியதே. இவ்வுவமை முற்றும் ஒவ்வாது. குயிற்குஞ்சு தானே கூவித் தன்னை அறிவிக்கும். உயிரோ குருவருளின்றித் தானே அறியமாட்டாது. உவமையை ஒருபுடை ஒப்பாகவே கொள்ளல் வேண்டும் என்பது நூன்மரபு. அங்ஙனம் கொள்ளின், கோகிலை என்னும் பெயர் ஒரு பறவையின் பெயரளவாய் நில்லாது, சித்தாந்தத்தின் உயிர்நிலைப் பொருள் ஒன்றைத் தன்னகத்தே உடையதாய் விளங்கும்.

மெய்கண்டார் திருப்பெயர்

இனி, வடமொழிப் பெயர் தமிழர்க்கு அயலானது என்னும் கருத்தை நோக்குவாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழறிஞர் சிலர் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டனர். சூரியநாராயண சாத்திரியார் பரிதிமாற்கலைஞர் எனவும், வேதாசலனார் 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் நெறி மேற்கொண்டு மறைமலையடிகள் எனவும் வழங்கலாயினர். வேதம் மறை; அசலம் மலை. பெயர் மாறிற்று, பொருள் மாறிற்றிலது. சைவநூற் பயிற்சியில் ஆழ்ந்த அடிகள் அதனைத் தமிழின்கட் கொண்ட காதலால் மேற்கொண்டனர். அம்முயற்சியால் தமிழர் தம் மொழிச்சொற்களின் வளத்தை மீண்டும் உணரலாயினர்.

ஆனால் இத்தகைய பெயர்மாற்றம் சைவ மரபிற்குப் புதியதன்று. பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றித் திருவெண்காடு சென்று வழிபட, அவ்வழிபாட்டின் பயனாய்த் தோன்றிய குழவிக்கு அத்தலத்திறைவன் பெயரைச் சுவேதவனப்பெருமாள் என இட்டனர். சுவேதவனம் என்பது வெண்காட்டின் வடமொழிப் பெயர். வில்லியனூர்த் தாயர் செய்வதும் அச்சுதகளப்பாளர் செய்ததும் ஒன்றே: தலத்தை அடைதல், வேண்டுதல், பெறுதல், அத்தலத்துப் பெயரை இடுதல். பின்னர் அக்குழவி திருவெண்ணெய்நல்லூரில் வளருங்காற் பரஞ்சோதி முனிவர் எழுந்தருளி உபதேசித்து, தம் ஆசிரியராகிய சத்தியஞான தரிசினிகளது திருப்பெயரைத் தமிழாக்கி மெய்கண்டார் எனச் சூட்டினர். சத்தியம் மெய், தரிசனம் காண்டல்.

சந்தான குரவருள் முதல்வர் பெயரே இவ்வாறு இருமொழிக்கும் இடையே இயங்கியது. வெண்காடு வடமொழியாகிச் சுவேதவனமாய் வந்து குழவியைச் சேர்ந்தது. வடமொழிப் பெயர் தமிழாகி மெய்கண்டார் எனக் குரவரைச் சேர்ந்தது. ஈரிடத்தும் பெயரிட்டோர் பொருளை நன்கறிந்திருந்தனர். மொழியை வெறுத்தோ மொழியில் மயங்கியோ அவர் பெயரிட்டாரல்லர். பொருள் விளக்கமே அவர் நோக்கம். சைவர்க்குப் பெயரிடும் நெறி இதனினும் சிறந்ததொன்று வேண்டுமோ?

ஆகவே கோகிலை என்னும் பெயர்மேல் வரும் குற்றம் அது வடசொல்லாதல் அன்று. அதன் பொருள் மறக்கப்பட்டமையே குற்றம். அம்பிகை என்னும் ஈறு நீங்க இறைவி மறந்தாள். குயிலம்மை என்னும் துணைப்பெயர் மங்கத் தமிழ்ப்பொருள் மறந்தது. இரும்பை மாகாளத்துக் குயில்மொழியம்மையோடுள்ள உறவு மறக்கக் குயில்மொழி என்னும் அழகிய பெயரும் பெண்மக்கட்கு இடப்படுதல் அரிதாயிற்று. இம்மறதி பெயரை மாற்றுதலால் மட்டும் நீங்குவதன்று; பொருளறியாது இட்ட தமிழ்ப்பெயரும் இந்நிலையே எய்தும்.

இதனை நீக்குதற்கு வேண்டுவன எளியன. கோகிலை எனப் பெயர்பெற்ற சிறுமியை அவள் பெற்றோர் வில்லைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்று, இவ்வம்மையின் பெயரே நின் பெயர் என்றும், குயிலம்மை என்பது அதன் தமிழ் என்றும் காட்டுதல் வேண்டும். அடுத்துப் பிறக்கும் பெண்மகவிற்குக் குயில்மொழி எனப் பெயரிடுதலும் நன்றே. அங்ஙனம் இடின், ஒருத்தி பெயர் மற்றொருத்தி பெயர்க்கு உரையாய் அமையும். நின் பெயர்க்குப் பொருள் யாது என வினவுவார்க்கு அச்சிறுமி விடை கூறவல்லளாயின், பெயரிட்டதன் பயன் முற்றுப்பெற்றதாம்.